வல்லாரையைத் தேடும் முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் மறதி நோய் என்றாலே வல்லாரை, வெண்டைக்காய், பாதாம், வால்நட் என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. கூடவே, குறுக்கெழுத்துப் போடச் சொல்லி ஒரு வரி. அதைப் படித்துவிட்டு எழுபது வயது அப்பாவுக்கு வல்லாரை மாத்திரை வாங்கிவரும் மகனுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அவருடைய ரத்த அழுத்தம் 150ஐத் தாண்டியிருக்கலாம். ஒரு தடவைகூட அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். மறதி நோயைத் தள்ளிப்போடும் வேலை அவருடைய உடம்பில் இன்றே தொடங்க வேண்டியது. அதை விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

மறதி நோய், அதாவது டிமென்ஷியா, என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. அதில் பெரும்பங்கு அல்சைமர். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபட்டும் கசிந்தும் வருவது இன்னொன்று. வயதானவர்களிடம் இரண்டும் கலந்திருப்பது மிகச் சாதாரணம். அறிகுறி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் மாற்றங்கள் ஆரம்பித்துவிடுகின்றன. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மெல்லிய குழாய்கள் நாற்பது வயதிலிருந்து அதிக அழுத்தத்தையும் அதிகச் சர்க்கரையையும் தாங்கித் தாங்கித் தடித்துப்போனால், எழுபதில் எந்தக் கீரையும் அதைச் சரிசெய்யாது.

நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான லாசி-டேட் ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம். இந்தப் பெண்கள் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உடல் உழைப்பின்மை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் என்று அதில் ஐந்து காரணங்கள் நேராக நடைக்கும் தட்டுக்கும் கட்டுப்பட்டவை. மீதி 55 சதவீதம் நம் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒழுங்காக நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் யாரும் ‘நாம் சரியாகக் கவனிக்கவில்லையோ’ என்று தங்களை நொந்துகொள்ள இதில் இடமில்லை.

முதலில் ரத்த அழுத்தம். நடுத்தர வயதிலிருந்து மேல் அளவை (கருவி காட்டும் இரண்டு அழுத்த எண்களில் பெரியதை) 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது அதே ஆணையம். அளப்பதிலேயே பாதித் தவறு நடக்கிறது. மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு, காபி குடித்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காபியும் நடையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வெறும் மேற்கையில் பட்டை. கை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இப்படிக் காலையும் மாலையுமாக ஒரு வாரம் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினால், மருந்து வேண்டுமா என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியும். மேற்கை பருத்தவர்களுக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

சீனாவின் கிராமங்களில் 33,995 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. மருத்துவப் பட்டம் பெறாத கிராம சுகாதாரப் பணியாளர்கள் மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, அழுத்தத்தை 130/80க்குக் கீழே கொண்டுவந்த ஊர்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் ஊர்களிலும் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளைத் தருகிறார்கள். அந்த மாத்திரையை ‘இப்போ நார்மல்தானே’ என்று பாதியில் நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்தச் சீன ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது.

இனி நடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேக உழைப்பு வேண்டும் என்கிறது. நாளுக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். இந்த ‘மிதமான வேகம்’ என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பூங்காவில் அலைபேசியில் பேசியபடி உலவுவது உலாதான். நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி வைக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 விநாடி எண்ணுங்கள். 25 அடி வந்தால் வேகம் சரி. இன்னும் எளிய சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரு பல்லவியை மூச்சு வாங்காமல் பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அதிகம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போய்த் தொடங்காமலே இருப்பவர்கள் நிறைய. பிரிட்டனில் 78,430 பேரின் கையில் கருவி கட்டி நடையை அளந்து, பிறகு சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. நாளுக்குச் சுமார் 9,800 அடி நடந்தவர்களிடம் டிமென்ஷியா ஆபத்து பாதியளவு குறைவாக இருந்தது. வெறும் 3,800 அடி நடந்தவர்களிடமே கால் பங்கு குறைவு. இத்தகைய ஆய்வில், உடம்பு நன்றாக இருப்பவர்தான் அதிகம் நடக்கிறார் என்ற கோணமும் ஒளிந்திருக்கும். ஆகவே எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றுமில்லாததற்கும் 3,800 அடிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரிது என்பதை நம்பலாம்.

நெடுநாள் நடக்காதவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று ஆரம்பிப்பது நல்லது. சாப்பிட்ட பின் நடக்கும் பத்து நிமிடம், அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையையும் சற்று அடக்கும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் இரண்டு மாதத்துக்குள் அரைமணி நேரத்தைத் தாண்டிவிடலாம். நடைக்குச் செருப்பும் முக்கியம். பட்டை தளர்ந்த ஹவாய்ச் செருப்பில் வேகமாக நடந்தால், அது கழன்றுவிடாமல் இருக்கக் கால்விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடி சுருங்கும், பாதம் வலிக்கும், கல் தடுக்கினால் விழுவோம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டையுள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. புடவை கட்டுபவர்கள் கொசுவத்தைக் கணுக்காலுக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டிக்கொண்டால் அடி தாராளமாக விழும். விடியுமுன் இருட்டில், நாய்கள் திரியும் தெருவில் நடந்து விழுந்து தலையில் அடிபடுவதைவிட வெளிச்சம் வந்தபின் நடப்பது மேல். தலைக்காயமும் அந்தப் பதினான்கு காரணங்களில் ஒன்று. கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எட்டு வடிவ நடை பற்றிப் பலர் கேட்கிறார்கள். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடப்பதில் திரும்பித் திரும்பி அடியெடுத்து வைப்பதால் சமநிலைக்கு அது நல்ல பயிற்சி. இடம் குறுகலானதால் வேகம் வராது. மழை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்; மற்ற நாளில் நேரான பாதை வேண்டும். நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் 2023 முதல் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. எட்டையும் நடக்க வேண்டியதில்லை, இரண்டு கிலோமீட்டர் போய்வந்தால் அரைமணிக்கு மேலே ஆகிவிடும்.

நடையோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. தசை வலுவுக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள். இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை, ஒரு மர நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கால் விரியும், வேண்டவே வேண்டாம். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, மூக்கு கால்விரல் நேருக்கு வரும்வரை முன்னால் சாய்ந்து, எழுங்கள். உட்காரும்போது நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும்; கடைசியில் ‘தொப்’பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு, ஏனென்றால் மெதுவாக இறங்கும்போதும் தொடைத் தசை உழைக்கிறது. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முழங்கால் வலிப்பவர்கள் இருக்கையில் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிய, இதையே சோதனையாகவும் செய்து பார்க்கலாம். 30 விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது? 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழும், ஆணுக்கு 14க்குக் கீழும் இருந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வயதில் அந்த எண்கள் 10, 12. மாதம் ஒருமுறை எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். கூடவே, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது பத்து முறை. ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. சாதம் குக்கரில் வேகும் நேரத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடும்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் தாழ்சர்க்கரை. அடிக்கடி கடுமையாகத் தாழ்ந்துபோவது முதியவர்களின் மூளைக்கே கேடு. எழுபத்தைந்து வயதுத் தாத்தாவின் சர்க்கரையை இளைஞனின் அளவுக்கு இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பெண்களுக்கு வருகிறேன். ‘நாள் முழுக்க வீட்டு வேலைதானே, தனியாக என்ன உடற்பயிற்சி?’ என்ற கேள்வியைப் பெண்களே கேட்கிறார்கள், வீட்டில் மற்றவர்களும் கேட்கிறார்கள். பெருக்குவதும் துடைப்பதும் துணி துவைப்பதும் கணக்கில் சேரும். உட்கார்ந்தே கிடப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்தபின் அந்த வேலையில் பெரும்பகுதி அடுப்பு முன்னால் அசையாமல் நிற்பதுதான். தொடர்ந்து இருபது நிமிடம் மூச்சு ஏறுவதில்லை, தசைக்குப் பாரம் கூடுவதும் இல்லை. காலை ஆறு முதல் ஏழு வரை ஆண்கள் நடக்கப் போவதற்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு டிபன் வேலையில் இறங்கும் பெண்ணுக்கு நடைக்கான நேரமே அட்டவணையில் கிடையாது. நேரத்தை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் அடுப்பை மற்றவர்கள் பார்த்துக்கொண்டால் அந்த 150 நிமிடம் அவருக்குக் கிடைத்துவிடும். கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தால் பொரியலும் மீனும் தீர்ந்து, சோறும் குழம்பும் ஊறுகாயுமே அவர் தட்டுக்கு மிஞ்சுவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

உணவில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூளைக்கென்றே வகுக்கப்பட்ட ‘மைண்ட்’ உணவுமுறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது: சாதாரணமாகக் கலோரியைக் குறைத்துக்கொண்டவர்களைவிட அவர்களுடைய நினைவாற்றல் குறிப்பிடும்படி மேம்படவில்லை. மாறாக, பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் இரண்டு ஆண்டு சேர்த்துச் செய்த ‘ஃபிங்கர்’ ஆய்வில் (2015) பலன் தெரிந்தது. தனியாக ஒரு பண்டம் மூளையைக் காப்பதாகச் சான்றில்லை. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை ஆகியவற்றின் வழியாகத்தான் சாப்பாடு மூளைக்குப் போய்ச் சேருகிறது. நினைவாற்றலுக்கென்று விற்கும் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்குக் கொடுத்துப் பார்த்தும் டிமென்ஷியா குறையவில்லை என்று 2008லேயே தெரிந்துவிட்டது. வல்லாரையைத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல கீரை. மாத்திரையாக வாங்கி ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

அடுக்களையில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு ஜாடி. ஒருவருக்கு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று தேதியை அதன்மேல் பேனாவால் எழுதுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது; அதிலும் அப்பளம், கருவாடு, மிக்சர், கடை ஊறுகாய் கணக்கில் வரவில்லை. ஆவக்காய்க்கு ஒரு கிலோ மாங்காய்க்கு 150 கிராமுக்குக் குறையாமல் உப்புப் போடுகிறோம் என்பதை நினைத்தால், ஒரு தேக்கரண்டி ஊறுகாயிலேயே கணிசமான உப்பு இருப்பதில் வியப்பில்லை. சட்டென்று பாதியாக்கினால் வீட்டில் சண்டை வரும், இரண்டே நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவோம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. சாதம் வடிக்கும்போது உப்பு வேண்டாம். மோரில் உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை; ரசத்தில் மிளகு சீரகத்தைக் கூட்டுங்கள்; பொரியலில் உப்பைக் கடைசியில் தூவினால் குறைந்த அளவே நாக்கில் தூக்கலாகத் தெரியும்; இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அதில் அயோடின் சேர்த்திருக்காது. ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெய்க்கும் இதே கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய், 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று அளவு வருகிறது. நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய் என்பது உச்சவரம்பு, டீக்கடை வடையும் அதற்குள் அடக்கம். காயும் கீரையும் 400 கிராம் என்பதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். வழக்கமான நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. இந்த விகிதத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. முதலில் பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்குப் பரப்பிவிட்டுப் பிறகு சோற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசைதான் சூட்சுமம். சோறு முதலில் வந்தால் காய்க்கு இடமிருக்காது.

சாம்பார் இருக்கிறதே, பருப்புப் போதாதா என்பார்கள். நான்கு பேர் சாம்பாருக்கு நூறு கிராம் துவரம்பருப்புப் போட்டால் ஆளுக்கு 25 கிராம்; அதில் புரதம் ஐந்தாறு கிராம்தான். வயதானவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். 55 கிலோ அம்மாவுக்கு 55 கிராம். ஒரு முட்டையில் ஆறு, முப்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஆறு, ஒரு தம்ளர் பாலில் ஆறு, நூறு கிராம் மீனில் பதினெட்டு என்று கூட்டிக்கொண்டே வந்தால்தான் எட்டும். புரதம் குறைந்தால் நாற்காலிப் பயிற்சி செய்தும் தசை ஏறாது. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இந்த அளவு மாறும். மீனில் மத்தி, அயிலை, நெத்திலி மலிவானவை, நல்ல கொழுப்பு நிறைந்தவை. வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். வறுத்தால் அந்த நல்ல கொழுப்போடு கடாய் எண்ணெயும் உள்ளே போகும். சைவர்களுக்கு ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை, ஒரு தேக்கரண்டி ஆளிவிதைப் பொடி. கீரை தினமும் இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது.

சிறுதானியமானால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நினைப்பு பரவியிருக்கிறது. அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சியில் கருப்பட்டி போட்டுக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெள்ளைச் சீனி எல்லாமே ரத்தத்துக்குள் போனபின் ஒன்றுதான். ஒரு நாளில் மூன்று காபி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் அதுவே 25 கிராம். நாளின் வரம்பு அத்தோடு தீர்ந்தது.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சர்க்கரை, கொழுப்போடு வைட்டமின் பி12ஐயும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும். பாதம் மரத்துப்போதலும் மறதியும் சேர்ந்து வரும். இது காலத்தே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய மறதி. ‘வயசாச்சு’ என்று விட்டுவிட்டால் நரம்பு நிரந்தரமாகக் கெடும். காது கேட்காமை, பார்வைக் குறை, புகை, மது ஆகியவையும் அந்தப் பதினான்கில் உண்டு. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பெரியவருக்குக் காதுப் பரிசோதனை செய்யுங்கள், கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் மறப்பதும் சாவியை வைத்த இடம் மறப்பதும் யாருக்கும் நேரும். முப்பது வருடம் வைத்த குழம்பின் பக்குவம் குழம்புவது, நடந்து பழகிய தெருவில் திசை தெரியாமல் நிற்பது, கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, சில்லறை எண்ணத் தடுமாறுவது என்றால் காத்திருக்காமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று வழி தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாபக சக்திக்கான பத்து உணவுகள் வரும் இடத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: ரத்த அழுத்தம் அளக்கும் முறை, 130 என்ற எண், 15 விநாடிக்கு 25 அடி, நாற்காலியில் எட்டும் எட்டும், நால்வருக்கு 600 கிராம் உப்பு. அதில் படமாக வெள்ளை ஷூ போட்ட ஆணை மட்டும் போடாமல், புடவையில் நடக்கும் ஒரு பெண்ணைப் போடுங்கள். வெட்டியெடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினால், கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முதியோர் நல இயன்முறை மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.